டிக்கன்ஸ் வரிகள்: அடுத்த வரியையும் சேர்த்துப் போடுங்கள்

தேரடிவாசகன்

"கண்ணீர் விடுவதற்கு நாம் வெட்கப்படவே வேண்டாம். இறுகிப்போன நெஞ்சின் மேல் படிந்து கண்ணை மறைக்கும் புழுதியில் பெய்கிற மழை அது."

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் இந்த வரி ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் யார், எப்போது, எதற்காகச் சொன்னது என்று பார்த்தால் கதை வேறு.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் (1860–61) பிப் என்கிற பையனை வளர்ப்பது அக்காள் கணவர் ஜோ. கொல்லுப்பட்டறைக்காரர். பையனுக்கு எங்கிருந்தோ பணம் வருகிறது, லண்டனுக்குப் போய்ப் பெரிய மனிதன் ஆகப் போகிறான். கிளம்பும் நாளன்று கோச்சு வண்டி வரை தனியாகவே போகிறேன் என்று ஜோவிடம் சொல்லிவிடுகிறான். காரணத்தை அவனே ஒப்புக்கொள்கிறான்: புது உடுப்பில் தானும் பக்கத்தில் பட்டறைக்காரரும் நின்றால் பார்க்க எப்படியிருக்கும் என்ற கூச்சம். ஜோவோ ராசிக்காகப் பழைய செருப்பை அவன் பின்னால் வீசி, தொண்டை கம்மக் கையை ஆட்டி வழியனுப்புகிறார். ஊர் எல்லையில் கைகாட்டி மரத்தின் மேல் கையை வைத்ததும்தான் பிப்புக்கு அழுகை வருகிறது. அங்கேதான் இந்த மழை, புழுதி எல்லாம்.

அதற்குப் பின்னால் வருவதை யாரும் படத்தில் அச்சடிப்பதில்லை. அழுதபின் மனசு இளகியது, தன் நன்றிகெட்டத்தனம் உறைத்தது என்று சொல்லிவிட்டு, "முன்னாலேயே அழுதிருந்தால் ஜோ இப்போது என்னோடு இருந்திருப்பார்" என்கிறான். மொத்த நாவலும் அதில்தான் இருக்கிறது. இவ்வளவுக்கும் திரும்பிப் போய் ஜோவைக் கூட்டிக்கொண்டு வருகிறானா என்றால் அதுவும் இல்லை. போகலாமா, போகலாமா என்று வண்டியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே லண்டன் பக்கம் போய்விடுகிறான்.

டிக்கன்ஸ் வரிகளைத் தனியாகப் பிடுங்கினால் பொன்மொழி ஆகிவிடுகின்றன. இடத்தில் வைத்துப் படித்தால் பாதி வரிகள் சொன்னவனையே குத்துகின்றன. அதனால் இந்த இழைக்கு ஒரே ஒரு நிபந்தனை. வரியைப் போடுகிறவர்கள் சொன்னது யார், அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் என் பங்குக்கு, எப்போதும் கடனில் தத்தளிக்கும் மிகாபர். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' (1849–50).

"ஆண்டு வரவு 20 பவுண்டு, ஆண்டுச் செலவு 19 பவுண்டு 19 ஷில்லிங் 6 பென்ஸ், விளைவு மகிழ்ச்சி. ஆண்டு வரவு 20 பவுண்டு, ஆண்டுச் செலவு 20 பவுண்டு 6 பென்ஸ், விளைவு துன்பம்."

பழைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக முதல் கணக்கில் ஆறு பென்ஸ் மிச்சம், இரண்டாவதில் ஆறு பென்ஸ் பற்றாக்குறை. இன்பத்துக்கும் துன்பத்துக்கும் நடுவே மொத்தமே ஒரு ஷில்லிங்தான்.

நிபந்தனைப்படி அடுத்து நடப்பது: இந்த உபதேசத்தைச் செய்துவிட்டு மிகாபர் ஒரு கிளாஸ் பஞ்ச் மதுவை ரசித்துக் குடித்து, சீட்டியில் ஒரு மெட்டை அடிக்கிறார். இதே அறிவுரையை அதற்கு முன்னால், கடன்காரர் சிறையில் இருந்தபோதும் டேவிட்டிடம் கண்ணீரோடு சொல்லியிருப்பார். அங்கே சொல்லி முடித்த கையோடு என்ன செய்கிறார் தெரியுமா? பீர் வாங்க அந்தச் சின்னப் பையனிடமே ஒரு ஷில்லிங் கடன் வாங்குகிறார்! அதைத் தன் மனைவியிடம் வாங்கிக்கொள் என்று சீட்டு வேறு எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு உற்சாகமாகிவிடுகிறார்.

சேமிப்புத் திட்ட விளம்பரங்களில் இந்த வரியைப் போடுகிறவர்கள் மிகாபர் வாங்கிய கடனையும் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

---

கமலி

கணக்கண்ணே, அந்த ஒரு ஷில்லிங் கற்பனை இல்லை. டிக்கன்ஸின் அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. 1824இல் கடனுக்காக லண்டன் மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 40 பவுண்டு சொச்சம். சார்லஸுக்கு அப்போது 12 வயது. ஹங்கர்போர்டு படித்துறைப் பக்கம் பூட்ஸுக்குப் பூசும் கருப்பு மை தயாரிக்கும் கிடங்கு ஒன்றில் ஜாடிகளை மூடி, கட்டி, லேபிள் ஒட்டும் வேலை. வாரச் சம்பளம் 6 ஷில்லிங், அப்புறம் 7.

சிறைக்கு அப்பாவைப் பார்க்கப் போனபோது அப்பா அழுதுகொண்டே இதே 20 பவுண்டுக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு சின்ன விவரத்தை டிக்கன்ஸ் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் கணப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். துருப்பிடித்த அந்தக் கணப்புக்குள் இந்தப் பக்கம் ஒரு செங்கல், அந்தப் பக்கம் ஒரு செங்கல். நிலக்கரி அதிகம் எரிந்துவிடக் கூடாதே என்று வைத்தது. சிக்கனத்தைப் பற்றி அப்பா பேசும்போது பையனின் கண் அந்தச் செங்கல்களில் இருந்திருக்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் அவர் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் கொடுத்த குறிப்பில் எழுதியிருந்தார். டிக்கன்ஸ் 1870இல் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. அதிலிருந்து என் வரி இது. நாவலில் வராதது, ஆனால் எந்த நாவல் வரிக்கும் குறையாதது. அப்பா விடுதலையான பிறகும் பையனைத் திரும்பக் கிடங்கு வேலைக்கே அனுப்ப அம்மா விரும்பினாராம்:

"என்னைத் திருப்பி அனுப்புவதில் அம்மா மும்முரமாக இருந்ததை அதற்குப் பின் நான் மறக்கவில்லை, மறக்க மாட்டேன், மறக்கவும் முடியாது."

கடன் வாங்கிச் சிறைக்குப் போன அப்பாவை மிகாபர் ஆக்கி உலகத்தையே சிரிக்க வைத்தவர், அம்மாவை மட்டும் கடைசி வரை மன்னிக்கவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

---

குறும்பன்

எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836–37) ஒன்று இருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். சாம் வெல்லர், பிக்விக்கின் வேலைக்காரன். அவனுடைய பாணி:

"முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது, அது ஒரு ஆறுதல்தான். ஆள் மாறித் தலையை வெட்டிட்டா துருக்கியில அப்படித்தான் சொல்லுவாங்க."

இன்னொன்று: "முதல்ல வேலை, அப்புறம் கேளிக்கை. கோபுரத்துல இன்னொரு ராஜாவைக் குத்திட்டு, குழந்தைங்களை மூச்சுத் திணறடிக்கறதுக்கு முன்னால மூணாம் ரிச்சர்டு ராஜா சொன்ன மாதிரி."

நம் ஊரில் "...ன்னானாம்" என்று முடிக்கிற சொலவடை மாதிரியேதான். அடுத்து என்ன நடக்கிறது? பதிப்பாளர் வீட்டில் பணம் கொட்டுகிறது. ஆரம்பத்தில் படுத்திருந்த மாதத் தொடர் சாம் வந்த பிறகு எழுந்து, கடைசியில் மாதம் 40,000 பிரதி வரை போனது.

---

டீச்சரம்மா

'ஹார்ட் டைம்ஸ்' (1854) முதல் வரி எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் மனப்பாடம்: "எனக்கு வேண்டியது உண்மை விவரங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு விவரங்களைத் தவிர வேறு எதையும் கற்பிக்காதீர்கள்." சொல்கிறவர் கிராட்கிரைண்ட். பள்ளிக்கூடம் அவருடையது.

அடுத்து நடப்பதுதான் அழகு. "பெண் எண் 20" என்று ஒரு பிள்ளையை எழுப்புகிறார். சிஸ்ஸி ஜூப். அவள் அப்பா சர்க்கஸில் குதிரை பழக்குகிறவர், அவள் குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். "குதிரை என்றால் என்ன, இலக்கணம் சொல்" என்கிறார். பிள்ளைக்குத் திகைப்பில் வாயே வரவில்லை. உடனே பிட்ஸர் என்கிற பையன் எழுந்து ஒப்பிக்கிறான்: "நாலு கால் பிராணி. புல் தின்பது. 40 பற்கள்: அரைக்கும் பல் 24, கோரைப் பல் 4, வெட்டும் பல் 12." இப்போது உனக்குக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது என்று சிஸ்ஸியிடம் சொல்கிறார் கிராட்கிரைண்ட். நான் வகுப்பில் கேள்வி கேட்டு, முந்திரிக்கொட்டை மாதிரி எழுகிற முதல் கையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிட்ஸர் ஞாபகம் வந்து கொஞ்சம் நிதானிப்பேன்.

ஆனால் நான் இங்கே போட நினைத்த வரி சிஸ்ஸியுடையது. வகுப்பில் அவளிடம் ஒரு கணக்கு கேட்கிறார்கள். பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் ஒரு வருஷத்தில் தெருவில் பட்டினி கிடந்து செத்தவர்கள் 25 பேர்தான், இந்த விகிதத்தைப் பற்றி என்ன சொல்கிறாய்? அவள் சொன்ன பதிலை வீட்டில் கிராட்கிரைண்டின் மகள் லூயிசாவிடம் சொல்லி வருத்தப்படுகிறாள்:

"மற்றவர்கள் பத்து லட்சமாக இருந்தாலும் லட்சம் கோடியாக இருந்தாலும், பட்டினி கிடந்தவர்களுக்கு அது ஒரே கஷ்டம்தானே என்று சொன்னேன். அதுவும் தப்பாம்."

கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அவள் வாதாடவில்லை. தன் பதில் தப்பு என்றே நம்புகிறாள்!

பிட்ஸர் பெரியவனாகி வங்கியில் வேலை பார்க்கிறான். கிராட்கிரைண்டின் மகன் டாம் அதே வங்கியில் திருடிவிட்டுத் தப்பி ஓடும்போது குறுக்கே வந்து பிடிக்கிறவன் அவன்தான். கிழவர் கெஞ்சுகிறார்: "உனக்கு இதயம் இருக்கிறதா?" அவன் சிரித்துக்கொண்டே, "இதயம் இல்லாமல் ரத்த ஓட்டம் நடக்காதே ஐயா" என்கிறான். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த பையன், பாடத்தைச் சரியாகத்தான் ஒப்பிக்கிறான். முதல் பக்கத்து வரிக்கு அடுத்த வரி இத்தனை பக்கம் தள்ளி வருகிறது.

---

வக்கீல்குமாஸ்தா

டீச்சருக்குக் கைதட்டல். என் தொழிலுக்கு வருகிறேன். டிக்கன்ஸும் 15 வயதில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாதான், அந்தப் பாசம் எனக்கு உண்டு.

"சட்டம் அப்படி நினைக்குமானால் சட்டம் ஒரு கழுதை, ஒரு முட்டாள்." 'ஆலிவர் ட்விஸ்ட்' (1837–39). நியாயம் கிடைக்காதவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையில் சொல்கிறவன் பம்பிள். அநாதைப் பிள்ளைகளை வாட்டி வதைத்த ஊழியன். ஆலிவரின் தாய் விட்டுப்போன நகையை மறைத்த குற்றத்தில் அவனும் அவன் மனைவியும் மாட்டிக்கொள்கிறார்கள். "எல்லாம் அவள் செய்தது" என்று மனைவி மேல் பழியைப் போடுகிறான். மனைவி கணவன் சொல்படி நடப்பதாகத்தான் சட்டம் கருதும், ஆகவே நீதான் பெரிய குற்றவாளி என்கிறார் எதிரே இருப்பவர். அப்போது வருகிறது கழுதை. சட்டம் கல்யாணமே ஆகாத பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும், அனுபவம் வந்தால்தான் அதற்குக் கண் திறக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். தப்பிக்கப் பார்க்கிற அயோக்கியன் வாயில் இவ்வளவு நல்ல வரியை வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

சட்டத்தைப் பற்றி அவர் நிஜமாகவே கோபப்பட்டது 'ப்ளீக் ஹவுஸ்' (1852–53). லண்டன் முழுக்க மூடுபனி, தெருவெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் 40 அடி மெகலோசாரஸ் டைனோசர் ஒன்று ஹோல்பர்ன் மேட்டில் அசைந்து ஏறி வந்தாலும் ஆச்சரியமில்லை என்று தொடங்குகிறார். பனி எங்கே மிக அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே சான்சரி நீதிமன்றம். அதன் வாசலில் நிற்கிற நல்ல வக்கீல் கொடுக்கும் எச்சரிக்கை: "உனக்கு எந்த அநியாயம் நடந்தாலும் பொறுத்துக்கொள், இங்கே மட்டும் வராதே!"

அடுத்து என்ன நடக்கிறது என்றால் கிட்டத்தட்ட எதுவுமே நடக்கவில்லை. ஜார்ண்டைஸ் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தலைமுறை தலைமுறையாகப் போகிறது. முடிவில் ஒருநாள் கோர்ட்டிலிருந்து எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள், கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்து வெளியே போடுகிறார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால், சொத்து முழுவதும் வழக்குச் செலவுக்கே சரியாகிவிட்டதாம். ஆகவே வழக்கு முடிந்ததாம்!

மிகை என்று சிலர் முகம் சுளித்தார்கள் போல. நூலின் முன்னுரையிலேயே பதில் போட்டார்: ஏறத்தாழ 20 வருஷத்துக்கு முன் தொடங்கிய வழக்கு ஒன்று இன்னும் நடக்கிறது, ஒரே சமயத்தில் 30, 40 வக்கீல்கள் ஆஜரானதுண்டு, செலவு 70,000 பவுண்டு ஆகிவிட்டது, அது இரு தரப்பும் இணக்கமாக நடத்தும் வழக்கு வேறு.

---

புதுவரவு

"அது மிகச் சிறந்த காலம், அது மிக மோசமான காலம்." இதைவிடச் சிறந்த தொடக்கம் உண்டா? 👌

---

கமலி

நிபந்தனை, நிபந்தனை! 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' (1859). அது ஒரே நீண்ட வாக்கியம். ஞானத்தின் யுகம், மடமையின் யுகம், ஒளி, இருள் என்று அடுக்கிக்கொண்டே போய் முடிவில் என்ன சொல்கிறார்? சுருக்கமாக, அந்தக் காலமும் இப்போதைய காலம் மாதிரியேதான் இருந்தது, அதிகம் சத்தம் போட்ட பெரியவர்கள் சிலர் நல்லதோ கெட்டதோ அதை உச்சத்தில் வைத்தே பேச வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், அவ்வளவுதான் என்கிறார். ஆக "மிகச் சிறந்த, மிக மோசமான" என்று பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிற வாக்கியம் அது. தலையங்கம் எழுதுகிறவர்கள் முன்பாதியை வெட்டி எடுத்து, எந்தக் கிண்டலுக்கு ஆளானார்களோ அதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதே நாவலின் கடைசி வரியும் அப்படித்தான். "நான் இதுவரை செய்த எதையும்விட மிக மிகச் சிறந்த செயல் இது." தலைவெட்டும் கில்லட்டின் மேடையில் சிட்னி கார்ட்டன் முழங்கியதாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். புத்தகத்தில் அவன் அதைச் சொல்லவே இல்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால், அது தீர்க்கதரிசனமாகவும் இருந்திருந்தால், இப்படி இருந்திருக்கும் என்று கதாசிரியர் சொல்கிறார். கத்தி விழுவதை அவர் வர்ணிக்கவும் இல்லை. அங்கே உட்கார்ந்து பின்னல் பின்னிக்கொண்டு விழும் தலைகளை எண்ணும் பெண்கள் சொல்லும் எண் மட்டும்தான் வருகிறது: 23. முழங்குகிற வரியைவிட எனக்கு அந்த 23தான் பயமாக இருக்கிறது.

---

மிதவாதி

எல்லாம் சரி. ஆனால் மனிதர் வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர், அதனால்தான் இப்படி இழுஇழு என்று இழுத்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே?

---

தேரடிவாசகன்

இல்லை, வார்த்தைக் கணக்கு இல்லை, தவணைக் கணக்கு. அவருடைய பெரிய நாவல்களில் பலவும் மாதத் தவணையாக வந்தன. தவணைக்கு 32 பக்கம், விலை 1 ஷில்லிங், கடைசித் தவணை மட்டும் இரட்டை. பக்கத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உண்டுதான், அது சில இடங்களில் தெரியவும் செய்கிறது. வாரத் தவணையில் வந்த 'ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் வாசகனுக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பல்லவி. 'டேவிட் காப்பர்ஃபீல்டில்' "பார்க்கிஸுக்குச் சம்மதம்" என்று வண்டிக்காரன் சொல்லி அனுப்புகிற கல்யாணத் தூது, ஹீப்பின் "நான் ரொம்ப எளியவன்" எல்லாம் அந்த வகை.

---

கீழவாசல்கதிர்

ஒருவரும் போடாத ஒரு வரியை நான் போடுகிறேன். நாவலில் இல்லை, கடிதத்தில். 1857 அக்டோபர் 4, ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் சீமாட்டிக்கு டிக்கன்ஸ் எழுதியது. சிப்பாய்க் கலகச் செய்திகள் லண்டனை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். தான் இந்தியாவில் படைத்தலைவராக இருந்தால், அண்மைக் கொடுமைகளின் கறை படிந்த இனத்தை அடியோடு ஒழிக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று அந்த இனத்திடமே அறிவிப்பேன் என்கிறார்.

சொன்னது யார்? மேலே நீங்கள் எல்லாரும் கொண்டாடும் அதே ஆள். அடுத்து என்ன? அந்த வருஷக் கிறிஸ்துமஸ் இதழுக்கு வில்கி காலின்ஸோடு சேர்ந்து, கலகத்தை மனதில் வைத்தே ஒரு கதை எழுதினார். 1865இல் ஜமைக்காவில் ஆளுநர் எயர் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தபோதும் எயருக்கு ஆதரவாக நின்றவர்களில் இவரும் ஒருவர்.

பட்டினி கிடந்த 25 பேருக்காக சிஸ்ஸியை அழவைத்தவர் இவர்தானா?

---

மிதவாதி

கதிர், அந்தக் காலத்து இங்கிலாந்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். அவருடைய மகன் வால்டர் 16 வயதில் கம்பெனிப் படையில் சேர்ந்து அதே 1857இல்தான் இந்தியாவுக்கு வந்தான். தகப்பன் பதற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

---

கீழவாசல்கதிர்

எல்லாரும் இல்லை. எயரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று போராடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். டார்வினும் அந்தப் பக்கம்தான். தகப்பன் பதற்றம் புரிகிறது. வால்டர் 1863 கடைசி நாளன்று கல்கத்தாவில் செத்தும் போனான், பாவம். ஆனால் "அடியோடு ஒழிப்பேன்" என்பதற்கு அது விளக்கம் ஆகலாம், சாக்கு ஆகாது.

---

டீச்சரம்மா

கதிர் பக்கம் நான். இதற்காக அவரைப் படிப்பதை விடப் போவதில்லை, ஆனால் மூடி மறைக்கவும் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் 'ப்ளீக் ஹவுஸில்' ஜெலிபி அம்மாள் ஒருத்தி வருகிறாள். ஆப்பிரிக்காவில் இருக்கிறவர்களுக்காக நாள் முழுக்கக் கடிதம் எழுதுவாள், சொந்தப் பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுவது கண்ணில் படாது. ஆப்பிரிக்காவைவிடக் கிட்டே இருக்கும் எதுவும் தெரியாத கண்கள் என்பார். கிட்டே இருக்கிறவன் வலி கண்ணுக்குத் தெரிந்து, தூரத்தில் இருக்கிறவன் வலி தெரியாமல் போன கண்களைப் பற்றி எழுத அவருக்குத் தோன்றவில்லை.

---

தேரடிவாசகன்

கதிர் போட்டது இழைக்குப் பொருந்துகிற வரிதான், இருக்கட்டும். இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி.

'எ கிறிஸ்துமஸ் கேரல்' (1843). தர்மம் கேட்டு வந்தவர்களிடம் கருமி ஸ்க்ரூஜ் சொல்வது: "சிறைகள் இல்லையா? ஏழை விடுதிகள் இல்லையா?" அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள் என்றால், "சாகட்டுமே, உபரி மக்கள்தொகை குறையும்" என்கிறான். அடுத்து நடப்பது தெரியும்: நொண்டிக் குழந்தை டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் பதறிக் கேட்கும்போது, அவனிடம் வந்த ஆவி அதே சொற்களை அவன் மேலேயே திருப்பி வீசும். அவன் தலை குனிந்துவிடுகிறான்.

"உபரி மக்கள்தொகை" டிக்கன்ஸ் கற்பனை இல்லை, உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்ற மால்தஸ் பாதிரியாரின் வாதத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் பலரும் பேசியது. அந்த மால்தஸ்தான் இந்தியாவுக்கு அனுப்பும் அதிகாரிகளைத் தயார் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கல்லூரியில் 1834இல் சாகும் வரை பேராசிரியர். நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் (1876–78) வந்தபோது, நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார் பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள். அது உயிர் வாழப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். அப்போது வைஸ்ராய் லிட்டன் பிரபு. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தவர்.

இந்த லிட்டன் யார்? நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் மகன். டிக்கன்ஸின் நெருங்கிய நண்பர் அந்தத் தகப்பனார். தன் பிள்ளை ஒருவனுக்கே அவர் பெயரை வைத்தார் டிக்கன்ஸ். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவில் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போவதாக எழுதியிருந்ததை, வாசகர்கள் தாங்க மாட்டார்கள், மாற்று என்று சொல்லி மாற்ற வைத்தவரும் அவரே. ஒரு நாவலின் சோக முடிவைத் தாங்க முடியாதவர் வீட்டுப் பிள்ளை!

---

வக்கீல்குமாஸ்தா

இது எனக்குத் தெரியாத செய்தி. இரண்டு முறை படித்தேன்.

பட்டினி என்றதும், ஏழை விடுதியில் கஞ்சி கேட்ட ஆலிவரைப் போடாமல் போக முடியாது. "ஐயா, இன்னும் கொஞ்சம் வேண்டும்." அதைத் தைரியசாலியின் குரலாகச் சொல்வார்கள். கதையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆலிவர் பெயர் விழுந்ததால் போகிறான். குலுக்கக் காரணம் வயசுக்கு மீறி வளர்ந்த ஒரு பையன். அவன் அப்பா சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். இன்னொரு கிண்ணம் கிடைக்காவிட்டால் ராத்திரி பக்கத்தில் படுக்கிறவனைத் தின்றாலும் தின்றுவிடுவேன் என்று மற்றப் பிள்ளைகளை மிரட்டி வைத்திருக்கிறான், அவர்களும் நம்பிவிட்டார்கள். கிண்ணங்களைக் கழுவவே வேண்டியிருக்காது, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பிள்ளைகளே பளபளவென்று ஆக்கிவிடுவார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி. ஏழைகளை இந்த விடுதிகளுக்குத் தள்ளிய 1834 ஏழைச் சட்டத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமான அறிக்கை கிடையாது.

கேட்டதற்கு அடுத்து? தலையில் கரண்டியடி. அப்புறம் வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்ட பெரிய மனிதர் தீர்ப்பு: "இந்தப் பையன் ஒருநாள் தூக்கில்தான் தொங்குவான்."

---

கணக்குப்பிள்ளை

இழையைத் தொடங்கிய ஜோவிடமே ஒரு வரி மிச்சமிருக்கிறது. லண்டன் அறைக்கு பிப்பைப் பார்க்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, கழுத்தை அறுக்கும் காலர். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது, அவர் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார், ஒருமுறை தேநீர்க் கழிவுக் கிண்ணத்திலேயே விழுகிறது. வளர்த்த பிள்ளையை "சார்" என்கிறார். பிப்புக்கு எரிச்சல். கிளம்பும்போது சொல்கிறார்:

"பிப், வாழ்க்கை என்பது எத்தனையோ பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்ததுதான். ஒருத்தன் கொல்லன், ஒருத்தன் தட்டான், ஒருத்தன் கன்னான். இவர்களுக்குள் பிரிவினை வரத்தான் செய்யும்."

இன்று ஏதாவது தப்பு இருந்தால் அது என்னுடையது, இந்த உடுப்பில் நான் தப்பான ஆள், பட்டறையில் கையில் சுத்தியலோடு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தால் இவ்வளவு குறை தெரியாது என்றும் சொல்கிறார். இங்கே அடுத்த வரி சொன்னவரைக் குத்தவில்லை. கேட்டவனைக் குத்துகிறது.

---

கமலி

ஆமாம், இவ்வளவு நேரம் நாம் போட்டதில் சொன்னவரும் சொல்லும் ஒன்றாக இருப்பது சிஸ்ஸியும் ஜோவும்தான். இருவருக்கும் சரியாகப் பேச வராது.

இன்னொன்றும் போட்டுவிடுகிறேன், இதுவும் ரோஜாப்பூ படத்தில் வருவதுதான். "அடுத்தவர் சுமையைக் குறைக்கிற யாரும் இவ்வுலகில் பயனற்றவர் அல்லர்." கிட்டத்தட்டச் சரி, 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' (1864–65). தன்னால் யாருக்கும் பிரயோசனமில்லை என்று பெல்லா அலுத்துக்கொள்ளும்போது அவளைக் காதலிக்கிற ரோக்ஸ்மித் சொல்வது. வேடிக்கை என்னவென்றால் ரோக்ஸ்மித் என்பது அவனுடைய நிஜப் பெயரே இல்லை. மாறுவேஷத்தில் இருக்கிறான். மிச்சத்தைச் சொன்னால் கதை கெட்டுவிடும்.

---

புதுவரவு

நான் டிக்கன்ஸ் ஒன்றுமே படித்ததில்லை, அந்த ஒரு வரி மட்டும்தான் தெரியும். எதில் ஆரம்பிப்பது, எங்கே கிடைக்கும், எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

குறும்பன்

'லிட்டில் டாரிட்' (1855–57), சுற்றிவளைப்பு இலாகா. எந்த வேலையையும் எப்படிச் செய்யாமல் இருப்பது என்பதில் கரை கண்ட அரசு அலுவலகம். தகவல் கேட்டு நடையாய் நடக்கும் கிளென்னமைப் பார்த்து அங்கே உள்ள இளைய அதிகாரி பதறுகிறார்:

"ஐயோ, தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் இங்கே வரக் கூடாது, தெரியுமா!"

அடுத்து: கிளென்னமை அறை அறையாக அனுப்புகிறார்கள். புதுவரவு, நீங்கள் தேரடி அண்ணனைப் பாருங்கள்.

---

தேரடிவாசகன்

புதுவரவு, அவனை விடுங்கள். மெல்லிசாக வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ் கேரல்', இரண்டு மூன்று உட்காரலில் முடிந்துவிடும். பெரிசாக ஒன்று படிக்கத் தயார் என்றால் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 59 அத்தியாயம், அவருடைய பெரிய நாவல்களில் இது கச்சிதமானது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் ப்ராஜெக்ட் குட்டன்பர்கில் இலவசமாகக் கிடைக்கும். 'ப்ளீக் ஹவுஸை' முதலில் எடுக்காதீர்கள், குமாஸ்தா சார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

---

வக்கீல்குமாஸ்தா

ஆட்சேபணை. பதிவு செய்துகொள்ளுங்கள்.